எட்டாவது விசில்

ஸ்கியூவில் பருப்பு மூன்று விசிலில் வேகும்.
ஹங்கரில் ஐந்து.
கங் யாட்சே அடிவார முகாமில் எட்டு,
அப்போதும் பல்லில் கடிபடும்.
உயரம் காட்டும் கடிகாரங்களைப் பார்க்கும் முன்பே
குக்கர் எனக்குச் சொல்லியிருந்தது.

ஒன்பது கோடை மலையேறிகளுக்குச் சமைத்தேன்.
நள்ளிரவில் எழுப்பி, ஊட்டாத குறையாகக் கஞ்சி கொடுத்து,
தலைவிளக்குகள் சரிவில் ஊர்ந்து போவதைப்
பாத்திரம் கழுவியபடி பார்த்திருக்கிறேன்.
திரும்பி வருகிறவர்களை முகம் பார்க்காமலே சொல்வேன்:
உச்சி தொட்டவர் தேநீரில் இன்னும் சர்க்கரை கேட்பார்,
பாதியில் திரும்பியவர்
மற்றவர்களுக்குக் கொடுத்தாயா என்பார்.
எப்படி இருந்தது என்று கேட்டால்
சிலர் வெறுமனே சிரிப்பார்கள்.
சமையல்காரிக்கு என்ன புரியும் என்ற சிரிப்பு அது
என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை,
முதுகில் மண்ணெண்ணெய் டின் இருந்தது.
முடிச்சுகளைத்தான் திருட வேண்டியிருந்தது.
சோஸ்பெல் வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது
நான் பக்கத்தில் வெங்காயம் நறுக்குவேன்.
இரவில் மாவுமூட்டைக் கயிற்றில்
ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன்.
காலையில் மூட்டையை அவிழ்க்க முடியாமல்
உதவிப் பையன் துந்துப்
எந்தக் கழுதை கட்டியது என்று கத்துவான்.

இந்த ஆகஸ்டில், துர்காபூர் சுதேஷ்ணா
ஆறு கடக்கும்போது வழுக்கி
முழங்கால் பூசணியாக வீங்கிவிட்டது.
இரண்டு வருடம் ஒன்பது மாடி ஏறி இறங்கியவள்,
சம்பளத்தில் மிச்சம் பிடித்து வந்தவள்.
கயிற்றில் ஓர் இடம் காலியாகப் போக வேண்டாம் என்றாள்.
பிறகு என் கால்களைப் பார்த்தாள்.

பூட்ஸ் அரை அளவு பெரிது.
காலுறை இரண்டு போட்டதும் பொருந்தியது.
கிராம்பானின் திருகைத்
துந்துப் காய் நறுக்கும் கத்தியால் முடுக்கினான்.

ஒரு மணிக்குக் கிளம்பினோம்.
அன்று கஞ்சி அவன் வைத்தது,
அடிப்பிடித்த வாசனை வெகுதூரம் கூடவே வந்தது.
பனி தொடங்கும் இடத்தில்
கயிறு இடுப்பில் இறுகியது.
பத்தடி, நிற்பது. பத்தடி, நிற்பது.
பிறகு ஆறு.
பிறகு நான்கடிக்கு ஒருமுறை
உஸ்ஸென்று குக்கர்போல என் மூச்சு.
மலை வேகிறதா, நான் வேகிறேனா
என்று ஒரு கிறுக்கு எண்ணம்.
குடிக்கும் தண்ணீர் புட்டிக்குள் கல்லாகியிருந்தது.
"குன்ஸெஸ், திரும்பலாமா?" என்றார் சோஸ்பெல்.
அதை அவர் எல்லோரிடமும் கேட்பார்.
தெரிந்தும் கோபம் வந்தது.
அந்தக் கோபத்தில் இருபது அடி ஏறினேன்.

உச்சி ஒரு சமையல் கூடார அளவுதான்.
பிரார்த்தனைக் கொடிகள் விறைத்துக் கிடந்தன.
வடக்கே மடிப்பு மடிப்பாகப் பழுப்பு நிறம்,
அதற்கும் அப்பால் வெள்ளை வெள்ளையாக நின்றவற்றின் பெயர்களை
வந்தவர்கள் வாயால் கேட்டிருக்கிறேன்,
எந்தப் பெயர் எதற்கென்று தெரியவில்லை.
அடுப்பு எரிகிறதா என்று கீழே தேடினேன்.
மலையின் தோள் மறைத்துவிட்டது.
பத்து நிமிடம் இருந்திருப்போம்.
விரல்கள் மரத்தன, இறங்கினோம்.

கற்சரிவு முடியும் இடத்தில்
நடைக்கம்பை ஊன்றி, ஒற்றைக் காலில்,
கெட்டிலோடு நின்றாள் சுதேஷ்ணா.
ஆறிய தேநீர், இலை அதிகம்,
சர்க்கரையா உப்பா என்று தெரியாத ருசி.
இரண்டு கோப்பை குடித்தேன்.
எப்படி இருந்தது, என்றாள்.

வாயைத் திறந்தேன்.
அந்தச் சிரிப்புதான் வந்தது.

கூடாரத்தில் லேஸை அவிழ்த்துக்
கழற்றி அவள் பக்கம் வைத்தேன்.
என் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.
அவள் ஒன்றும் சொல்லாமல்
நல்ல காலை முதலில்,
பல்லைக் கடித்துக்கொண்டு மற்றதை,
பூட்ஸுக்குள் விட்டாள்.
சூடு இன்னும் இருந்திருக்கும்.

வெளியே குக்கர் ஆறாவது தடவை கத்தியது.
இறக்கிவிடாதே, இன்னும் இரண்டு இருக்கிறது
என்று துந்துப்புக்குக் குரல் கொடுத்தேன்.