புகை காட்டாதது

மண்ணடிக் கடையில் மூன்று சாக்கைப் பிரித்துக் காட்டினார்
ஷேக் மதார் பாய்.
ஒன்று கருப்பு. வேண்டாம்.
புதுநன்மை கேக், உள்ளேயும் வெளுப்பா இருக்கணும் என்று
ஜெனிட்டாவின் அம்மா இரண்டு தரம் சொல்லியாயிற்று.
கருப்பு திராட்சை மாவில் மை கசியும்.

இரண்டாவது,
மண்டபத்துச் சீரியல் பல்பு மாதிரி மஞ்சள்.
கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூட.
"கந்தகப் புகை காட்டினாத்தான்மா இந்தக் கலரு நிக்கும்.
பிரியாணிக்காரங்க இதைத்தான் அள்ளிட்டுப் போறாங்க."

மூன்றாவது சாக்கு ஓரமாக இருந்தது.
பச்சையும் இல்லை பழுப்பும் இல்லை,
நிழலில் காய்ந்ததாம்.
அங்கங்கே காம்பு.
ஒன்றை மென்றேன். முதலில் புளிப்பு.
இனிப்பு, எண்ணூர் பஸ் மாதிரி,
இனி வராது என்று நினைத்தபோது வந்தது.

இதுலயே அரைக் கிலோ போடுங்க.
"மங்கலா இருக்கேம்மா?"
இருக்கட்டும் பாய்.
எர்ணாவூரில் எங்கள் தெருவுக்கு
ராத்திரி பத்துக்கு மேல் மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பும்.
ஜெனிட்டா
தலையணைக்கடியில் இன்ஹேலர் வைத்துத் தூங்குகிறவள்.
சும்மா வருவதைக்
காசு கொடுத்து வேறு வாங்கவா?

காம்பு கிள்ளி, வெந்நீரில் ஊறவைத்து,
துணியில் ஒற்றி, மைதாவில் புரட்டினேன்.
ஜன்னலைச் சாத்திவிட்டு ஓவனைப் பற்றவைத்தேன்.
அப்படியும் பாதி
அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

வெட்டும்போது கேட்பாள்,
ஏன் ஆன்ட்டி எல்லாம் கீழேயே கிடக்கு என்று.
கேட்கட்டும்.
நடுவில் நிறுத்தி மூச்சு வாங்காமல்
முழுசாகக் கேட்கட்டும்.