உறைப்பு

மாங்குளம் சந்தியில் பஸ் பத்து நிமிசம் நிற்கும்.
ஏழு என்பார் மரியதாசன் அண்ணை,
கைக்கடிகாரத்தைக் கழற்றி ஸ்டியரிங்கில் கொழுவிவிட்டு.
அந்த ஏழுக்குள்
றைம்கீப்பரிடம் ஒரு கையெழுத்து,
ஒட்டுசுட்டானுக்கு ஒரு மூடை கோழித்தீன் கூரைக்கு,
மிச்சம் எல்லாம்
குகப்பிரியனின் தள்ளுவண்டிக்கு.

திருச்சிப் பக்கம் ஒரு முகாமில் பிறந்தவன்.
இருபத்திரண்டு வயதில்
முதன்முதலாய் ஊருக்குத் 'திரும்பி' வந்தவன்.
பலகையில் சிவப்புப் பெயின்ற்: இந்தியன் பானிபூரி.
அதன் கீழே வேறு கையெழுத்தில்: கடலை வடையும் உண்டு.

முதல் நாள் கேட்டான்,
"காரம் எப்படிண்ணா, கம்மியா, தூக்கலா?"
"நல்லா உறைப்பாப் போடும் தம்பி" என்றேன்.
விழித்தான்.
பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று
வீட்டுக்குள்ளேயே வைத்துப் பழகிய சொல்லை
ஒருவன் நடு றோட்டில் சத்தமாய்ச் சொன்னால்
விழிக்கத்தானே வேணும்.
வண்டிக்குப் பின்னால் விளாம்பழம் உடைத்துக்கொண்டிருந்த தாய்
நிமிராமல் சொன்னா:
"கொச்சிக்காயைப் போடன் மோனை."

போட்டான்.

பெருவிரலால் பூரியின் உச்சந்தலையில் ஒரு குத்து.
அவித்த கிழங்கு, கடலை.
பிறகு சட்டிக்குள் ஒரு முங்கு.
புதினா வவுனியாவிலிருந்து வரும்போதே
வெய்யிலில் கறுத்துப்போகுதாம்,
அதனால் பாதிக்குப் பாதி கறிவேப்பிலை.
புளிக்கு விளாம்பழம்.
தட்டெல்லாம் இல்லை, நேரே கைக்கு.
வாய்க்குக் கொண்டுபோகிற தூரத்தில்
தண்ணீர் முழங்கைவரை வழியும்;
யோசித்தால் சேட்டுக்கும் போகும்.
யோசிக்கக்கூடாது. ஆவென்று திறந்து முழுசாய்.

உடைகிற சத்தம் காதுக்கு உள்பக்கமாய்க் கேட்டது.
முதலில் புளிப்பு, பிறகு ஒரு குளிர்.
இவ்வளவுதானோ என்று
இரண்டாவதுக்குக் கை நீட்டினேன்.
அப்போதுதான் அது வந்தது,
பிந்தி வந்த பஸ் மாதிரி,
ஹோர்னில் வைத்த கையை எடுக்காமல்,
தொண்டைச் சந்தியில் திரும்பி
காது மடல்வரை.

ஆறு பூரி இருநூறு ரூபா.
ஆறில் ஒன்றையும் விடவில்லை.
மூக்கைத் துடைக்க எடுத்தது
டிக்கெட் ரோல் என்பது பிறகுதான் தெரிந்தது.

மரியதாசன் அண்ணை பஸ்ஸை உருட்டத் தொடங்கிவிட்டார்.
மிதிபலகையில் தொங்கியபடி
நான் ஊர்ப்பேர் கூப்பிடவேணும்.
ஒலுமடு!
அது சரியாய் வந்தது.
கரிப்பட்டமுறிப்பு!
கரி நாக்கிலேயே தங்கிவிட்டது.
ஒட்டு… சுட்டான், சுட்டான், ஸ்ஸ்… சுட்டான்!
"ஆர் அண்ணை சுட்டது?" என்றான்
பின் சீற்றில் ஒரு பெடியன்.
பஸ் சிரித்தது.
பிறகு ஒரு கணம் சிரிக்காமல் இருந்தது.
பிறகு யாரோ இருமி, திரும்பவும் சிரித்தது.
முள்ளியவளை என்பதில் முள் மட்டும் வந்தது.
தண்ணீரூற்று என்று நான் வாயெடுக்க முன்னமே
முன் சீற்று ரீச்சர்
தன் போத்தலை நீட்டினா.

இப்போது பாதி பஸ் அங்கே இறங்குகிறது.
ரீச்சர் போத்தலோடு இறங்குவா,
உழவு மெசின்காரர் சேற்றுக் கையைப் பின்னால் கட்டி
வாயை மட்டும் நீட்டுவார்கள்.
"உறைப்புக் காணுமாண்ணா?" என்கிறான் குகப்பிரியன்,
இரண்டு கரையையும் ஒரே மூச்சில்.
எனக்குப் பதில் வராது. தலையை ஆட்டுவேன்.

போன கிழமை மாரி தொடங்கின அன்று
மரியதாசன் அண்ணையும் இறங்கினார்.
"ஒண்டுதான்" என்றார்.
தின்றார். ஒன்றும் சொல்லவில்லை.
கடிகாரத்தை மறந்து ஏறினார்.
ஒலுமடு தாண்டுமட்டும்
குறுக்கே போன மாடுகளுக்குக்கூட
ஹோர்ன் அடிக்கவில்லை மனுசன்.
வாயால் ஊதிக்கொண்டே ஓட்டினார்.