பதினோரு தலைகள்

டிசம்பர் பாதி. ட்ரோம்சோவில்
சூரியன் போய் மூன்று வாரம் ஆகிறது.
காலை பத்து மணிக்கும் வானம்
மைப்புட்டி கழுவிய தண்ணீர்.

பாலர் பள்ளியிலிருந்து பதினோரு பிள்ளைகள்,
பெரியவர்கள் இரண்டு பேர், நானும் துருனும்.
கம்பளி உடுப்பு, அதன்மேல் பனி உடுப்பு,
அதன்மேல் வண்டி விளக்கில் மினுங்கும் மஞ்சள் பட்டை.
மாட்டிவிட நாற்பது நிமிடம்.
மாட்டி முடித்ததும் சுன்னிவாவுக்கு ஒன்றுக்கு வந்தது.
எப்போதும் வரும்.

வழியெல்லாம் ஐலோ
கையுறையால் பனியை அள்ளி
உறிஞ்சிக்கொண்டே வந்தான்.
அழுக்கு, என்றேன்.
தாகம், என்றான்.
சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான், ஈரத்தோடு.

அறிவியல் கூடத்து வாசலில்
மறுபடி எல்லாவற்றையும் உரித்தோம்,
வெங்காயம் உரிப்பது போல, கண்ணீர் உட்பட.
எண்ணினேன். பதினொன்று.

பலகையில் எழுதியிருந்தது: தொடவும்.
வாசிக்கத் தெரிந்தவள் தூவா ஒருத்திதான்.
அவள் வாசித்ததை யாரும் நம்பவில்லை.
போன வாரம்தான் மீன் அங்காடியில்
இதே பதினோரு பேரிடமும்
தொடாதே தொடாதே என்று தொண்டை வற்றக் கத்தியிருந்தேன்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்
முன்பணம் கேட்க வந்தவர்களைப் போல.

முதலில் தொட்டது எய்லிவ்.
பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை.

மிதித்தால் விளக்கெரியும் சைக்கிளில்
அவனுக்குக் கால் எட்டவில்லை.
நான் தரையில் குந்தி, கையால் மிதியைச் சுற்றினேன்.
மேலே அவன்
ஊருக்கே மின்சாரம் தருவதாக அறிவித்துக்கொண்டிருந்தான்.
காற்றுப் பீரங்கி துருனின் கொண்டையைக் கலைத்தது,
ஏழு முறை.

ரவ்னாவுக்குப் பிடித்தது
'பழுது' என்று தாள் ஒட்டிய பெட்டி.
மல்லாந்து படுத்து அதைக் கழற்றிக்கொண்டிருந்தவர்
கை நீட்டும்போதெல்லாம்
சரியான திருகாணியை எடுத்துக் கொடுத்தாள்,
ஒரு மணி நேரம்.
உள்ளே ஒரு ரப்பர் வளையமும் ஒரு சுருள்கம்பியும்தான்.
வேறெதையும் அவள் பார்க்கவில்லை.
பெற்றோருக்கான தாளில் என்ன எழுதுவது?
'வந்தாள்' என்று எழுதினேன்.

கடைசியாக இருட்டறை.
பளீரென்று ஒரு வெட்டு வெளிச்சம்.
சுவரெல்லாம் பச்சையாக ஒளிர,
பிள்ளைகள் நின்ற இடம் மட்டும் கறுப்பு.
விலகி வந்தார்கள்.
நிழல்கள் வரவில்லை.

தெருவிளக்கின் சோகை பிடித்த நிழல் தவிர
வேறு நிழல் மறந்திருந்தவர்கள்;
போட்ட கூச்சலில் காவலர் எட்டிப் பார்த்தார்.
தூவா தன் நிழலின் மூக்கைக் கிள்ளினாள்.
எய்லிவ், துருனின் தோளில் ஏறி
இரண்டு தலையுள்ள ஒருவனைச் சுவரில் விட்டு வந்தான்.

விளக்கம் சொல்லும் இளைஞன் சொன்னான்:
சுவர் வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.
நீங்கள் மறைத்த இடத்துக்குக்
குடிக்கக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.
நல்ல விளக்கம். தலையாட்டினேன்.

"அப்ப அதுக்குத் தாகமா இருக்குமா?"
ஐலோ.

இளைஞன் என்னைப் பார்த்தான்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பேருந்து.
எண்ணினேன். பத்து.
வரிசையைக் குலைத்து, சுவரோடு நிறுத்தி,
விரல் நீட்டி, சத்தமாக:
பத்து.

பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில்
ஒரு மனுஷி எவ்வளவு தூரம் ஓடலாம் என்று
எந்தக் கூடத்திலும் அளந்து வைக்கவில்லை.

இருட்டறையில், சுவரடியில் குந்தியிருந்தான்.
மேலே அவன் நிழல் கரைந்துகொண்டிருந்தது,
இல்லை, சுற்றியிருந்த பச்சைதான்
அதன் அளவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.
"ஐலோ, வண்டி."
"இருங்க. இன்னும் முடிக்கல."

யார் என்று கேட்கவில்லை.
அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
கழுத்தைச் சுற்றியிருந்த கைகளில்
ஒன்று மட்டும் சில்லென்று ஈரமாக.

ராத்திரி அவன் அம்மா கூப்பிட்டாள்.
ஒரு கையுறை காணோம், இடது, நீலம்,
பிழிந்தால் ஒரு டம்ளர் வரும்,
எங்கேன்னு கேட்டா சிரிக்கிறான்.

பேருந்தில் விசாரிக்கிறேன் என்றேன்.
நான் எண்ணியது தலைகளை மட்டும்தான்.