ஓரத்துண்டு

உப்பில்லை, புளிப்பில்லை.
மாவும் தண்ணீரும் மட்டும்.
இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவே ஒன்றரை நிமிடம்.
சிஸ்டர் லூசியென் தகட்டை உரித்தெடுப்பா.
இரவு முழுக்க ஈரக் காற்றில் வைப்பம்,
உடையாமல் வெட்டுப்பட வேண்டுமே.
காலையில் மெஷின் இறங்கும்.
வட்டங்கள் கோயில்களுக்குப் போகும்.
ஓட்டை ஓட்டையாய் மிஞ்சிய தகட்டை
நான் நொறுக்கிப் பையில் போடுவேன்.
பை இரண்டு ஃபிராங்க்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் மிக்சர் மாதிரிக் கொறிப்பார்கள்.

பதினாறு வருடமாய் ஃபிரிபூரில் இதுதான் வேலை.
ஒருநாளும் அந்தத் தகட்டை
முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்ததில்லை.

அதுவும் மாச் சாக்குத்தான்.
மூக்கெல்லாம் கோதுமை மணம்,
கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
மீன்பிடிச் சங்கத்தடியில் ஜீப்புக்குள் இருத்தினார்கள்.
ஊர் வரிசையில் வந்தது.
ஒவ்வொரு முகமும் ஓட்டைக்குள் நின்று, போனது.
பதினொரு முகத்துக்குக் கழுத்தைக் கல்லாக்கி வைத்திருந்தேன்.
"ஒருத்தனாவது வேணும்" என்றான் பக்கத்தில் இருந்தவன்,
நல்ல தமிழில்.
"இல்லாட்டி நீ."

அடுத்தது எமில்.
என்னோடு பூசைக்கு உதவி செய்தவன்.
முதல்நாள் என்னிடம் இரவல் வாங்கிய சேட்டு
உடம்பில்.

எல்லாருக்காகவும் ஒருவர் இறந்தார் என்று
ஞானோபதேச வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம்.
அவர் தானாக வந்தார்.
எமிலை நான் கொடுத்தேன்.
அதற்கும் முன்னே, பழைய ஏற்பாட்டில்,
ஒரு கடாவின் தலையில் கைவைத்து
ஊர்ப் பாவம் முழுவதையும் ஏற்றி
வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள்.
கெட்டிக்காரர்கள்.
கடாவுக்குப் பெயர் வைக்கவில்லை.

தவக்காலத்து வெள்ளி, சாரீன் ஆற்றடியில் இருந்து
மேல் நகரத்துக்குக் கம்பி வண்டி ஏறினேன்.
அதற்குப் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை,
மேலே உள்ள வீடுகளின் கழிவுநீர்தான்.
மேல் வண்டியின் தொட்டியில் அதை நிரப்புவார்கள்.
அந்தப் பாரம் கீழே இறங்க, இறங்க,
கீழே நிற்பவன் மேலே போவான்.
நாற்றமும் உண்டு. சுற்றுலாப் பெண்ணொருத்தி
மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
நடுவழியில் இரண்டும் விலகும்போது பார்த்தேன்,
மற்ற வண்டியில் ஆட்கள் இல்லை.

புதிதாய் வந்த ஃபாதர் ஒபெர்சோனுக்குத்
தமிழ் தெரியாது.
என் பிரெஞ்சு மாவுக்கும் சம்பளத்துக்கும் காணும்,
பாவசங்கீர்த்தனத்துக்குக் காணாது.
எதிரெதிரே இரண்டு நாற்காலி.
"உன் பாஷையில் சொல்" என்றார்.
சொன்னேன்.
சாக்கு, ஜீப், சேட்டு.
மூன்றாம் நாள் எமிலின் அம்மா, லியோனி அக்கா,
எங்கள் படலையைப் பிடித்துக்கொண்டு
"தம்பி, உனக்கு ஏதும் தெரியுமோ?" என்று கேட்டது.
அவவுக்கும் நான் தலைதான் ஆட்டினேன்,
இந்தமுறை இல்லை என்று.

அவர் என் வாயையே பார்த்திருந்தார்.
அரைமணி நேரப் பேச்சில்
திரும்பத் திரும்ப வந்த ஒரு சொல்தான்
பிடிபட்டிருக்க வேண்டும்.
கையை உயர்த்தினார்.
"எமில்" என்றார், அவ்வளவு கனிவாக.
"உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன. சமாதானமாய்ப் போ."

எமிலுக்கு என்ன பாவம்?
சக்கிறீஸ்து அறையில் ஒருக்கால்
பூசை ரசம் குடித்தான்.
போத்தலை நான்தான் திறந்தேன்.

நான் எழும்பாததைக் கண்டு ஃபாதர் கேட்டார்:
"எமில்தானே உன் பெயர்?"

தலையாட்டினேன்.

சனிக்கிழமைச் சந்தையில்
கிழங்குக் கடைக்கு அங்கால் நின்று கூப்பிடுகிறார்.
எமில்.
கேட்காத மாதிரி இரண்டு எட்டு நடந்துபோய்
திரும்பவும் கூப்பிட
திரும்புகிறேன்.