ஊராருக்கும் ஏழு

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு
பழைய சேமிப்புப் பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கிவிடுவோம்.
அதற்குள் நாற்பது லட்சம் கோப்புகள்
காந்த நாடாவில் ஏறியாக வேண்டும்.
தோர்ஷாவ்னில் பிப்ரவரி.
ஜன்னலில் மழை படுத்தவாக்கில் பெய்கிறது.

பெட்டிக்கு இரண்டு வாசல்.
ஆய்வகத்தார் விண்டோஸ் வழியாக வருவார்கள்,
கப்பல்காரர்கள் லினக்ஸ் வழியாக.
உள்ளே ஒரே கூடம், ஒரே மீன் கணக்கு.
வாசலுக்கொரு காவலாளி.
ஒருவன் பாஷை மற்றவனுக்குத் தெரியாது.

லினக்ஸ்காரன் கருமி.
ஒன்பது எழுத்தில் உலகத்தை முடித்துக்கொள்வான்:
உடையவர், கூட்டத்தார், ஊரார்.
படிக்க நாலு, எழுத இரண்டு, இயக்க ஒன்று.
கூட்டினால் ஏழு.
ஏழுக்கு மேல் ராஜாவுக்கும் கிடையாது.

விண்டோஸ்காரன் மொய் எழுதுகிறவன் மாதிரி.
பெயர் பெயராக, வரி வரியாக,
இவருக்கு இவ்வளவு, அவருக்கு அவ்வளவு,
சிலருக்கு மட்டும்
கூடாது.

ரன்வாவின் கோப்புறையில் அப்படியொரு கூடாது இருந்தது.
காட் மீன்களின் காதெலும்பு வளையங்கள்,
பதினோரு வருடம் நுண்ணோக்கியில் எண்ணியவை.
பட்டியலின் முதல் வரி:
ஹானுஸ். படிக்கக்கூடக் கூடாது.
காரணம் எழுத அங்கே கட்டம் இல்லை.
உணவறையில் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு
ஒரே பானைச் சூப்பைக் குடித்ததை
நாலு குளிர்காலம் பார்த்திருக்கிறேன்.

இன்று நாடாவில் ஏற்றப் போனால்
பட்டியலைக் காணோம்.
ஏழு ஏழு ஏழு.

பதிவைத் தோண்டினேன்.
இரண்டு வருடத்துக்கு முன், நவம்பர், அதிகாலை மூன்று பன்னிரண்டு.
ஸ்வார்ட்பாகூர் கப்பல், தீவுகளுக்கு மேற்கே, புயலில்.
எதிரொலிமானி கோப்பை எழுத முடியவில்லை,
பிராண்டுர் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு
மறு கையால் ஒரே வரி தட்டினான்.
மேலிருந்து கீழ்வரை அத்தனைக்கும்
ஊராருக்கும் ஏழு.
கலப்பு வீட்டின் சட்டம் அது:
கடைசியாக யார் சொன்னாரோ அவர் சொல்தான் நிற்கும்,
மற்றவன் நோட்டைக் கிழித்துவிடுவார்கள்.
பிராண்டுருக்கு ரன்வாவையும் தெரியாது, ஹானுஸையும் தெரியாது.
கோப்பு எழுதியது. தூங்கப் போயிருப்பான்.

புயலுக்கு முந்திய நாள் நிழற்படி ஒன்று மிச்சமிருந்தது.
அதில் அந்த முதல் வரி
வாடாமல் இருந்தது.

ரன்வா இப்போது பெர்கனில்.
அழைத்துச் சொன்னேன்.
"இரண்டு வருடமாகத் திறந்தா கிடந்தது?"
"ஆமாம்."
அவள் பக்கம் ஒரு டிராம் மணியடித்துக் கடந்தது.
"அவன் வந்து பார்த்தானா?"
"வருகைப் பதிவு தொண்ணூறு நாள்தான் வைப்போம்."
"வந்திருக்க மாட்டான்" என்றாள்.
"வந்திருந்தால் முப்பத்தொன்பதாம் மீனைப் பார்த்திருப்பான்.
ஆறு வளையம் என்று போட்டிருக்கிறேன். அது ஏழு.
பார்த்துவிட்டுச் சும்மா இருக்க
அவனுக்குத் தெரியாது."

நாடாவில் எதை வைக்கட்டும் என்று கேட்க நினைத்தேன்.
அதற்குள் அவளுக்கு வேறு அழைப்பு.

இரண்டையும் வைத்தேன்.
கோப்புகள், கிடந்த கோலத்திலேயே.
பக்கத்தில் ஒரு வெறும் உரைக்கோப்பு:
பழைய பட்டியல், வரி பிசகாமல்,
யாரையும் தடுக்க வலுவில்லாத கூடாது.
1037 என்ற உடையவர் யாரென்று எவருக்கும் தெரியவில்லை.
பெயரை நானாக இடாமல்
எண்ணை எண்ணாகவே விட்டேன்.

நாடா சுற்றி முடிய மூன்று ஐம்பது.
ஹானுஸ் கதவில் தலையை நீட்டி
காபி இருக்கிறதா என்றான்.
இருந்தது.