ஆறு இலக்கம்

கடைச் சாவி ரெண்டு.
ஒன்று என்னிடம், ஒன்று இசக்கித்தாயிடம்.
கல்லாச் சாவி ஒன்றே ஒன்று.
தூங்கும்போதும் அதை நான் கழற்றுவதில்லை.
கடவுச்சொல்லை மட்டும்
தீவன விலைப்பட்டியலுக்குக் கீழே
மார்க்கரால் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தோம்,
பேட்டை ரோட்டில் எங்கள் வண்ணமீன் கடையில்.
கப்பி என்று தொடங்கிக் கதவு எண்ணில் முடியும்.
தண்ணீர் கேன் போடுகிறவருக்கும் தெரியும்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
பகுதிநேரப் பையன் மைதீனின் தம்பி
குறுக்குத்துறையில் குட்டிக்கரணம் அடித்துக் குளிப்பதைக்
கடையின் பெயரில் நேரலை விட்டான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்.
"இந்த மீன் ஜோடி என்ன விலை?"
என்று ஒருத்தர் கேட்டிருந்தார்.
சிரித்தேன்.
அப்புறம் சிரிப்பு வரவில்லை.
பதினோராயிரம் பேர் வந்து சேர
ஆறு வருடம் பிடித்த இடம்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று
பட்டியலைத் திறந்தேன்.
என் போன். இசக்கித்தாயின் போன்.
மைதீன். அவன் தம்பி.
நாங்கள் விற்றுத் தொலைத்த டேப்லெட்
நாங்குநேரியில் யார் கையிலோ உயிரோடு.
கடைசி வரி:
ஓசூர். நான்கு நிமிடம் முன்பு.

ஓசூர் என்றால் செல்வின்.
ஃபில்டர் கணக்கில் ஒன்றரை லட்சத்தை
யார் விட்டது என்று சண்டை போட்டுப்
பங்கைப் பிரித்துக்கொண்டு போனவன்.
போய்ப் பதினான்கு மாதம்.

வயிற்றுக்குள் மோட்டார் நின்றதுபோல் இருந்தது.
எதைப் பார்த்தான், எதை எடுத்தான்,
கொல்கத்தா வியாபாரி நம்பரா, கொள்முதல் விலையா?
விரலால் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனேன்.

இரவு ஒன்று நாற்பது.
"அண்ணாச்சி, மீன் சாஞ்சு சாஞ்சு மிதக்கு."
"ரெண்டு நாள் தீவனம் போடாதீங்க.
கால் பங்கு தண்ணி மாத்துங்க. பயப்பட வேண்டாம்."
இரவு மூன்று ஐந்து.
"குஞ்சு போட்டுருச்சு, தாய் தின்னுருமா?"
"தின்னும். உடனே பிரிச்சு விடுங்க."
இப்படி எத்தனையோ.

இசக்கித்தாய் எழுதுகிறாள் என்று நான் இருந்தேன்.
நான் தூங்காமல் எழுதுகிறேன் என்று
காலையில் எனக்கு மட்டும்
கடுங்காப்பி போட்டுக்கொண்டிருந்தாள் அவள்.

ஆனாலும் பூட்டை மாற்றத்தான் வேண்டும்.
மாற்றப் போனால், உறுதிசெய்ய ஆறு இலக்கம்
அவன் எண்ணுக்குத்தான் போகுமாம்.

கூப்பிட்டேன்.
முதல் மணியிலேயே எடுத்தான்.
"வந்துட்டு. எழுதிக்கிடு."
நாலு. ஏழு. சைபர். சைபர்.
பின்னால் ஏதோ மிஷின் ஓடும் சத்தம்.
"நைட் ஷிப்டா?" என்றேன்.
ஒன்பது. ரெண்டு.
"சீக்கிரம் போடு, நேரம் முடிஞ்சிரும்."

அவரவருக்கு அவரவர் பெயரில் வாசல் வைத்தேன்.
இசக்கித்தாய் படம் போடலாம்.
மைதீன் எழுதி வைக்கலாம், வெளியிட முடியாது.
அவன் தம்பி ஆற்றில் குளிக்கலாம்.
சுவரில் இருந்த தாளைக் கிழித்தபோது
பெயின்ட்டும் சேர்ந்து வந்தது.
பட்டியலில் ஓசூர் இல்லை.

வீட்டுக்குக் கிளம்பி, செருப்பைப் போட்டு,
திரும்ப உட்கார்ந்து இன்னொரு பெயர் சேர்த்தேன்.
அவன் பெயர், அவன் சொந்த எண்.
வருகிற கேள்விக்குப் பதில் எழுதலாம்.
விளம்பரமும் பணமும் கண்ணில் படாது.
அழைப்பு அனுப்பப்பட்டது என்றது திரை.
ஏற்கப்படவில்லை என்றும்.

இப்போது மணி ஒன்று ஐம்பது.
வள்ளியூரில் ஒருத்தர் வீட்டில்
கோல்டு ஃபிஷ் வாலில் வெள்ளைப் புள்ளி.
எத்தனை ஸ்பூன் கல்லுப்பு என்று
செல்வினின் பழைய பதில்களில்
தேடிக்கொண்டிருக்கிறேன்.