பிரதிவாதி: ரொக்கம்

வழக்கின் தலைப்பை நான்தான் தட்டச்சு செய்தேன்.
ஓக்லஹோமா மாநிலம்
எதிர்
பதினோராயிரத்து நானூற்று அறுபது டாலர்.

எழுத்துப்பிழை இல்லை.
இங்கே பணத்தின் மேலேயே வழக்குப் போடலாம்.
மனுஷியின் மேல் போட்டால்
குற்றத்தை நிரூபிக்கவேண்டும்,
வக்கீல் இல்லையென்றால் வைத்துத் தரவேண்டும்,
பேசாதிருக்க உரிமை உண்டென்று
வாசித்துக் காட்டவேண்டும்.
பணம் ஏற்கெனவே
பேசாமல்தான் இருக்கிறது.

அவள் பெயர் வெர்னா ஸ்டிதம்.
குதிரைகளுக்கு லாடம் அடிப்பவள்.
அமரில்லோவில் பழைய டிரெய்லர் ஒன்று
விலைக்கு வந்திருக்கிறதென்று
நாற்பதாம் நெடுஞ்சாலையில் போனாள்.
சக்கரம் வெள்ளைக்கோட்டைத் தொட்டதாம்.
துணை ஷெரிஃப் காஃபெல்ட் நிறுத்தினார்.
நாய் வண்டியைச் சுற்றி வந்து உட்கார்ந்தது.
நாய் உட்கார்ந்தால் அது சாட்சியம்.
அரைமணி நேரம் வெயிலில் நின்ற வெர்னாவும்
உட்கார விரும்பினாள்;
அது எந்தக் கோப்பிலும் இல்லை.

லாட ஆணிப் பெட்டிக்குள் இருந்தது பணம்.
நூற்றுப் பதினாலு நூறு, மூன்று இருபது.
அரசனுக்கு எதிராகக் கையெழுத்திட்ட
கிழவரின் முகம் நூற்றுப் பதினாலு முறை
பிளாஸ்டிக் பைக்குள் போய்
சீல் வைக்கப்பட்டது.
அவளுக்கு அபராதச் சீட்டுகூட இல்லை.
"நீங்கள் போகலாம்" என்றார்கள்.
காலிப் பெட்டியோடு
எங்கே போவது என்று சொல்லவில்லை.

எங்கள் தாழ்வாரத்தில்
குளிர்பான இயந்திரத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே
சுதந்திரப் பிரகடனத்தின் நகல் தொங்குகிறது.
வருகிறவர்கள் அதன் கண்ணாடியில் தலைவாரிக்கொள்வார்கள்.
பதினெட்டு வருடமாக நானும்.
கோடையில் ஒருநாள் இயந்திரம் என் சில்லறையை விழுங்கியது.
காத்திருந்த நேரத்தில் முதல்முறையாக முழுக்கப் படித்தேன்.
பாதிக்கு மேல் புகார்ப் பட்டியல்:
அவன் இதைச் செய்தான், அவன் அதைச் செய்தான்,
ஆட்களை அனுப்பி எங்கள் உழைப்பைத் தின்கிறான்.
எங்கள் கவுண்டரில் கொடுத்திருந்தால்
கட்டணம் கேட்டிருப்போம்,
மூன்று பிரதி கேட்டிருப்போம்.

என் நாற்காலி புதியது.
அச்சு இயந்திரமும்.
பறிமுதல் நிதியில் வாங்கியவை.
நான் சாய்ந்துகொள்ளும் இந்த முதுகு
எந்த வழக்கின் பிரதிவாதியோ.

வழக்கறிஞர் அலுவலகத்துப் பையன்
அவளுக்குப் போன் போட்டானாம்:
பாதியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்,
இழுத்தடித்தால் வக்கீலுக்கே அதைவிடச் செலவாகும்.
"பாதி குற்றமற்றதா?" என்று கேட்டாளாம்.
"எந்தப் பாதி?"

பதில் தாக்கல் செய்ய நாற்பத்தைந்து நாள்.
நாற்பத்தைந்தாவது நாள், ஐந்து மணி ஏழு நிமிடம்.
கதவைப் பூட்டக் கையெடுத்தேன்.
கண்ணாடிக்கு வெளியே அவள்,
தோல் ஏப்ரனோடு,
மழையிலும் குதிரை வாசம்.

படிவத்தை நீட்டினாள்.
'பிரதிவாதியின் பதில்' என்ற கட்டத்தில்
பெரிய எழுத்தில், அழுத்தி எழுதியிருந்தாள்:
எட்டு வருடம் குனிந்தே இருந்தேன்.
பிரதிவாதி என் முதுகு.

இது பதிலாகுமா,
தெரியாது. அதை நீதிபதி சொல்லட்டும்.
தேதி முத்திரையை ஐந்து மணிக்கு
மறுநாளுக்குத் திருப்பிவைப்பது என் வேலை.
அன்றைக்குத் திருப்பவில்லை.
மறந்துவிட்டேன்.
யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.
'பெறப்பட்டது' என்று
மை தெறிக்க ஒரு குத்து.

விசாரணை மார்ச்சில்.
பணம் கீழே பெட்டகத்தில்,
வாய் திறக்காமல்.

கிளம்பும்போது
லாடக்காரியின் பழக்கம் போலும்,
நின்று என் நாற்காலியைக் கவனித்தாள்.
"பின்னங்கால் ஒன்று நொண்டுகிறது" என்றாள்.
"பார்த்து உட்காருங்கள்."